‘புற்றுப்போலி’: ஒரு மருத்துவப் பெயரின் திறனாய்வு

கதைகளையும் கவிதைகளையும் திறனாய்வு செய்வது நமக்குப் பழக்கமான ஒன்று. அறிவியற் கட்டுரைகளையும் அவ்வாறே எடுத்துவைத்து, அவற்றுள் எது நிலைத்தது, எது சரிந்தது, ஏன் சரிந்தது என்று பார்க்கலாம். மாணவர்களுக்கு அது மிகவும் பயன் தரும் பயிற்சியாகும். இங்கு நாம் எடுத்துக்கொள்வது 1907ஆம் ஆண்டில் செருமானிய மொழியில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வுரை. சிறுகுடலில் அரிதாகத் தோன்றும் ஒருவகைக் கட்டியைப் பற்றியது அது. அதன் ஆசிரியர் மியூனிக் நகரைச் சேர்ந்த நோய்க்குறியியல் அறிஞர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர். அவர் அக்கட்டிக்கு இட்ட பெயர் ‘கார்சினாய்டு’. ‘கார்சினோமா’ என்றால் புற்று. ‘ஆய்டு’ என்னும் ஈறு ‘போன்றது’ எனப் பொருள்படும். ஆகவே தமிழில் அதைப் ‘புற்றுப்போலி’ எனலாம்.

இந்தப் பெயர் நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகில் வழங்கி வருகிறது. நோயாளியின் கையில் தரப்படும் அறிக்கையிலும் இன்றும் சில வேளைகளில் காணப்படுகிறது. அதைப் படிப்பவர், ‘புற்றுநோய் போலத் தெரிந்தது, ஆனால் புற்றுநோய் இல்லை’ என்று எண்ணி நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா என்பதே நம் கேள்வி. உண்டு, சில இடங்களில். இல்லை, வேறு சில இடங்களில். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் இடர்.

ஆய்வுரை கூறியது என்ன?

ஓபர்ன்டார்ஃபர் தம் கருத்தை 1907இல் டிரெஸ்டன் நகரில் கூடிய செருமானிய நோய்க்குறியியல் கழகத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவர் கையிலிருந்தவை ஆறு நோயாளிகளின் சிறுகுடல்களில் கண்ட கட்டிகள். நுண்ணோக்கியில் பார்த்தால் அவை புற்றுக்கட்டியைப் போலவே செல் கூட்டங்களாகத் தெரிந்தன. ஆனால் நடத்தையில் அவை வேறாகத் தோன்றின. அவற்றின் இயல்புகளாக அவர் கூறியவற்றைச் சுருக்கமாகப் பின்வருமாறு தொகுக்கலாம்: அவை சிறியவை, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை, செல் கூட்டங்களைச் சுற்றி முதிர்ச்சியடையாத திசு இருக்கும், எல்லை தெளிவாக இருக்கும், அக்கம்பக்கத் திசுவுக்குள் ஊடுருவும் போக்கு இல்லை, வேறு உறுப்புகளில் கிளைக்கட்டிகளை உண்டாக்குவதில்லை, மிக மெதுவாக வளரும், பெரிதாவதில்லை, தீங்கற்றவை.

இந்த ஆய்வுரையின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். ஓபர்ன்டார்ஃபருக்கு முன்பே, 1888இல், ஓட்டோ லுபார்ஷ் என்னும் செருமானிய அறிஞர் இரண்டு பிணக்கூறாய்வுகளில் இத்தகைய கட்டிகளைக் கண்டு எழுதியிருந்தார். ஆனால் ஒரு தனி இனமாக இவற்றைப் பிரித்துக் காட்டியவர் ஓபர்ன்டார்ஃபரே. எல்லாக் குடற்கட்டிகளும் ஒன்றல்ல, ஒரே உறுப்பில் வெவ்வேறு இயல்புடைய கட்டிகள் தோன்றக்கூடும் என்னும் கருத்து இன்று நமக்கு எளிதாகத் தோன்றலாம். அன்று அதைச் சொல்லக் கூர்மையான கண் வேண்டியிருந்தது. ‘சிறியவை’, ‘ஒன்றுக்கு மேற்பட்டவை’, ‘மெதுவாக வளர்பவை’ என்ற மூன்று குறிப்புகளும் சிறுகுடலைப் பொறுத்தவரை பெரிதும் இன்றளவும் நிற்கின்றன.

சரிந்தவை ‘ஊடுருவுவதில்லை’, ‘பரவுவதில்லை’, ‘தீங்கற்றவை’ என்பனவே. பெயரைத் தீர்மானித்தவையும் இவைதாம்.

பிழை எங்கே நேர்ந்தது?

மாணவர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஓபர்ன்டார்ஃபர் பார்த்ததில் தவறில்லை. பார்த்ததிலிருந்து முடிவுக்குத் தாவியதில்தான் தவறு நேர்ந்தது. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, எண்ணிக்கை. ஆறு பேரிடம் பரவல் காணவில்லை என்பதால் ஏழாமவரிடமும் இராது என்று சொல்ல இயலாது. காணாமை வேறு, இல்லாமை வேறு.

இரண்டாவது, அந்த ஆறும் எங்கிருந்து வந்தன என்பது. வேறு நோயால் இறந்தவரின் உடலைக் கூறாய்வு செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் படும் கட்டி, தன் இயல்பிலேயே அதுவரை அவருக்குத் தொல்லை தராத கட்டியாகத்தான் இருக்கும். தொல்லை தந்து கொன்ற கட்டியை அறிஞர்கள் ‘புற்று’ என்று எழுதி வேறு பெட்டியில் வைத்துவிடுவார்கள். இப்படிப் பிரித்தபின், ‘இப்பெட்டியில் உள்ளவை யாவும் தீங்கற்றவை’ என்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது கட்டியின் இயல்பைப் பற்றிய உண்மை ஆகாது, நாம் பிரித்த முறையைப் பற்றிய உண்மை மட்டுமே. பள்ளிக்கு வந்த மாணவரை மட்டும் எண்ணிவிட்டு, ‘ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளை ஒருவரும் இல்லை’ என்று சொல்வதைப் போன்றது இது.

மூன்றாவது, காலம். நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் இருப்பது ஒரு கட்டியின் ஒரு நாள் மட்டுமே. மெதுவாக வளரும் கட்டி பத்து, பதினைந்து ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதை அத்தகடு காட்டாது. அதைக் காட்டக்கூடியவர் நோயாளியை உயிருடன் பார்க்கும் மருத்துவர். அத்தகைய சாட்சியம் 1907க்கு முன்பே இருந்தது. 1890இல் வில்லியம் ரான்சம் என்னும் ஆங்கில மருத்துவர், உணவு உண்டபின் கடும் வயிற்றுப்போக்கும் மூச்சிரைப்பும் கண்ட ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருந்தார். அவருடைய சிறுகுடலில் கட்டிகள் இருந்தன. கல்லீரலிலும் கிளைக்கட்டிகள் இருந்தன. குடலில் உள்ள சிறு கட்டிக்கும் மூச்சிரைப்புக்கும் என்ன உறவு என்பதை அன்று யாராலும் விளக்க இயலவில்லை. விளக்க இயலாத செய்தி எளிதில் மறக்கப்பட்டுவிடும். அதுவே நடந்தது.

ஓபர்ன்டார்ஃபரிடம் நாம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1929இல், குடல்வாலிலும் சிறுகுடலிலும் கண்ட 36 கட்டிகளை ஆராய்ந்தபின், இவை தீய இயல்பு கொள்ளக்கூடும், பரவவும் கூடும் என்று அவரே எழுதினார். ஆனால் பெயர் அவர் கையைவிட்டுப் போய்விட்டிருந்தது. 1933இல் நாசி ஆட்சி அவரை யூதர் என்பதற்காகப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் துருக்கி சென்று இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி 1944இல் அங்கேயே மறைந்தார். திருத்தம் பெரிய கையேட்டுத் தொகுதி ஒன்றின் பக்கங்களில் தங்கிவிட்டது. பெயரோ பாடநூல்தோறும் பரவியது.

பெயரை மாற்றுவதற்கு அறிவியல் அடிப்படை அதற்கு முன்பே கிடைத்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். உருசிய அறிஞர் நிக்கலாய் குல்சித்ஸ்கி 1897இல் குடலின் உட்சுவரில் ஒருவகைத் தனிச் செல்களை விவரித்தார். பிரெஞ்சு அறிஞர்கள் கோசேயும் மாசோனும் 1914இல் வெள்ளி உப்பால் சாயமேற்றிப் பார்த்து, இக்கட்டிகள் அச்செல்களிலிருந்து பிறப்பவை என்று காட்டினர். ஒரு கட்டியை அது எதைப் போலிருக்கிறது என்பதைக்கொண்டு அழைப்பதைவிட, எதிலிருந்து பிறந்தது என்பதைக்கொண்டு அழைப்பதே முறை. அந்த வழி 1914இல் திறந்தது. மருத்துவ உலகம் அதில் நடக்க மேலும் 86 ஆண்டுகள் ஆயின.

தீங்கற்றது செய்த தீங்கு

இந்தச் செல்கள் செய்யும் வேலை என்ன? நம் குடல் வெறும் செரிமானக் குழாய் அன்று. உடலிலேயே மிகப் பெரிய ஹார்மோன் உறுப்பும் அதுவே எனலாம். குடற்சுவரில் சிதறிக் கிடக்கும் இச்செல்கள் உணவின் வருகையை உணர்ந்து பல்வேறு ஹார்மோன்களை வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்று செரோட்டோனின். இத்தாலிய அறிஞர் எர்ஸ்பாமர் 1930களில் இதைக் குடற்சுவரிலிருந்து பிரித்து வேறொரு பெயரில் அழைத்தார். அமெரிக்காவில் ராப்போர்ட் குழுவினர் 1948இல் இரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்துச் ‘செரோட்டோனின்’ என்றனர். இரண்டும் ஒன்றே என்பது 1952இல் உறுதியாயிற்று. மறு ஆண்டே லெம்பெக் என்னும் ஆஸ்திரிய அறிஞர் ஒரு ‘புற்றுப்போலி’க் கட்டியிலிருந்து செரோட்டோனினைப் பிரித்துக் காட்டினார். 1954இல் சுவீடன் மருத்துவர்கள் தோர்சன், வால்டன்ஸ்ட்ரோம் முதலியோர் முழுப் படத்தையும் வரைந்தனர்: சிறுகுடற்கட்டி, கல்லீரலில் கிளைக்கட்டிகள், முகம் சிவத்தல், வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, இதயத்தின் வலப்பக்க வால்வுகளில் பழுது. ரான்சம் கண்ட பெண்மணியின் தொல்லைக்கு 64 ஆண்டுகளுக்குப் பின் விளக்கம் கிடைத்தது.

இதன் பொறிமுறை மிகத் தெளிவானது. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. குடற்கட்டி செரோட்டோனினைக் கொட்டினாலும் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. கட்டி கல்லீரலுக்கே பரவி அங்கிருந்து கொட்டத் தொடங்கினால் தடுப்பார் இல்லை. அது இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து வால்வுகளைத் தடிக்கச் செய்கிறது. பிறகு நுரையீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவதால் இதயத்தின் இடப்பக்கம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. செரோட்டோனின் உண்டாவது டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து. வழக்கமாக உணவிலுள்ள டிரிப்டோபானில் நூற்றில் ஒரு பங்களவே இதற்குச் செலவாகும். கட்டி பெருகிய நிலையில் பாதிக்கு மேலும் செலவாகலாம். அப்போது நியாசின் வைட்டமின் தயாரிக்க டிரிப்டோபான் போதாமல், நன்றாக உண்பவருக்கும் பெல்லாக்ரா நோய் வருவதுண்டு.

ஆக, இந்நோயின் புகழ்பெற்ற அறிகுறிகள் தோன்றும்போது கட்டி பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவியே இருக்கும். ‘பரவாதது’ என்று பெயர் பெற்ற ஒன்றைப் பரவியபின்புதான் அடையாளம் காண்கிறோம்!

கண்டறிவதில் உள்ள இடர்கள்

அரிய நோய்களைக் கண்டறிவதில் முதல் தடை, அது நினைவுக்கு வராமையே. அவ்வப்போது வயிற்றுவலி, அவ்வப்போது வயிற்றுப்போக்கு என்று வருபவருக்குக் குடல் எரிச்சல் நோய் என்று மருந்து தருவது இயல்பு. பெரும்பாலோருக்கு அது சரியும் கூட. ஆனால் இக்கட்டியுடையவர் பலர் இவ்வாறே பல ஆண்டுகள் மருந்துண்டு கழிக்கின்றனர். முகம் சிவத்தல் என்னும் அறிகுறியும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம்மவரின் கருத்த, மாநிறத் தோலில் அது எளிதில் தெரிவதில்லை. திடீரென்று முகத்திலும் மார்பிலும் சூடு பரவுகிறதா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். நம் நாட்டில் சிறுகுடலின் கடைப்பகுதியில் காசநோயும் காணப்படுவதால், அங்கே குடல் குறுகியிருப்பதைப் படத்தில் கண்டதும் காசநோய் என்று கருதிவிடவும் இடமுண்டு. இயன்றபோதெல்லாம் திசு ஆய்வு செய்து பார்ப்பதே பாதுகாப்பு.

சோதனைகளிலும் பொறிகள் உண்டு. செரோட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருளை 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளக்கிறார்கள். வாழைப்பழம், அன்னாசி, தக்காளி முதலியவற்றை அதற்குமுன் சில நாள் தவிர்க்கவேண்டும். இல்லாவிடில் கட்டி இல்லாதவருக்கும் அளவு கூடும். இரத்தத்தில் குரோமோகிரானின்-ஏ என்னும் புரதத்தை அளப்பது மற்றொரு சோதனை. ஒமெப்ரசோல் போன்ற அமிலத் தடை மாத்திரைகள் இதையும் உயர்த்திவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கி மாதக்கணக்கில் அம்மாத்திரைகளை விழுங்கும் பழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. சோதனைக்குச் செல்பவர் அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

படம்பிடிப்பதில் வந்த முன்னேற்றம் பெரிது. இச்செல்களின் மேற்பரப்பில் சோமடோஸ்டாட்டின் என்னும் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகுதியாக உள்ளன. 1973இல் கண்டறியப்பட்ட அந்த ஹார்மோனைப் போன்றே செயற்கையாகச் செய்யப்பட்ட மருந்து ஆக்ட்ரியோடைடு. அதனுடன் கதிரியக்க அணுவைக் கோத்து உடலில் செலுத்தினால் கட்டி இருக்குமிடத்தில் போய் ஒட்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர அறிஞர்கள் 1989இல் இதைச் செய்து காட்டினர். இன்று காலியம்-68 அணுவைக் கோத்த பொருளைக்கொண்டு பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் பல வேளைகளில் புலப்படுகிறது. அதே ஏற்பியைக் குறிவைத்து லுடீசியம்-177 அணுவைச் செலுத்திக் கட்டியைத் தாக்கும் சிகிச்சையின் பயனை 2017இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு நிலைநாட்டியது. அமெரிக்காவில் 1973இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவராக இருந்த இவ்வகைக் கட்டிகளின் பதிவு, 2012இல் ஏறத்தாழ 7 ஆக உயர்ந்தது. நோய் பெருகியதைவிடக் கண்கள் திறந்ததே இவ்வுயர்வுக்குப் பெரும் காரணமாகக் கருதப்படுகிறது. அரிய நோய் என்பதில் ஒரு பகுதி, அரிதாகவே தேடப்பட்ட நோய் என்பதாகும்.

அறுவையாளரின் விரல்கள்

பெயரின் தாக்கம் மிகக் கூர்மையாகத் தெரியுமிடம் அறுவைக்கூடம். சிறுகுடலில் அரைச் செ.மீ. கட்டியொன்று கண்டால், ‘தீங்கற்றது’ என்று நினைப்பவர் அதை மட்டும் வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார். ஆனால் சிறுகுடலில் ஒரு செ.மீ.க்குக் குறைந்த கட்டியும் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கக்கூடும். கரையான் புற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு மேலே தெரியும் மேட்டின் அளவைக்கொண்டு கீழே ஓடும் வளைகளை அளக்க இயலாது. பல நோயாளிகளிடம் குடலில் உள்ள மூலக்கட்டியைவிட, குடலைத் தாங்கும் சவ்வில் உள்ள கணுக்கட்டியே பெரிதாக இருக்கிறது. அது சுற்றிலும் நார்த்திசுவை வளரச்செய்து, குடலைச் சுருக்கி இழுத்து, இரத்தக் குழாய்களையும் நெரிக்கிறது. ஆகவே கட்டியுள்ள குடற்பகுதியுடன் அதற்குரிய சவ்வையும் கணுக்களையும் சேர்த்து எடுக்கவேண்டும்; எஞ்சிய குடலுக்குச் செல்லும் முதன்மை இரத்தக் குழாய்களையோ காக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்வதில்தான் அறுவையாளரின் திறமை அடங்கியிருக்கிறது.

‘பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை’ என்ற ஓபர்ன்டார்ஃபரின் குறிப்பு இங்கே உதவுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு நோயாளிக்குச் சிறுகுடலில் பல கட்டிகள் உள்ளன; படத்தில் தெரிவது அவற்றுள் சிலவே. எனவே அறுவையாளர் சிறுகுடலின் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே மெல்ல உருட்டித் தடவிப் பார்க்கிறார். சிறு துளைகள் வழியே கருவி நுழைத்துச் செய்யும் அறுவையிலும், குடலை ஒரு சிறு திறப்பு வழியே வெளியே எடுத்து இவ்வாறு தடவுவது நல்லது என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். எத்தனையோ கருவிகள் வந்த பின்னும் கைவிரலின் உணர்வுக்கு இணை இவ்விடத்தில் இன்னும் வரவில்லை.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. மயக்கம் கொடுக்கும்போதோ கட்டியைக் கையாளும்போதோ ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாய்ந்து இரத்த அழுத்தம் சரியலாம்; ஆக்ட்ரியோடைடைத் தயாராக வைத்துக்கொள்வது வழக்கம். ஹார்மோன் அறிகுறிகள் உள்ளவருக்குப் பேரறுவை செய்யும்முன் இதய வால்வுகளை எதிரொலிப் படத்தில் பார்த்துவிடவேண்டும். ‘போலி’ என்ற பெயரை நம்பி இவற்றைத் தவிர்த்தவருக்கு அறுவைக்கூடத்தில் உண்மை வேறுவிதமாகத் தெரியவரும்.

நாணயத்தின் மறுபக்கம்

இதுவரை படித்தவர், ‘அப்படியானால் இதைப் புற்றுநோய் என்றே அழைத்துவிடலாமே’ என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். குடல்வாலைப் பாருங்கள். குடல்வால் அழற்சிக்காக எடுக்கப்பட்ட ஆயிரம் குடல்வால்களை ஆய்ந்தால் மூன்று முதல் ஒன்பது வரை இத்தகைய கட்டி இருக்கலாம். பெரும்பாலும் நுனியில், ஒரு செ.மீ.க்கும் குறைவாக இருக்கும். குடல்வாலை எடுத்ததோடு சிகிச்சை முடிந்தது. மேற்கொண்டு செய்வதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. இங்கே ஓபர்ன்டார்ஃபரின் ‘தீங்கற்றது’ ஏறத்தாழ உண்மையே!

இரண்டு செ.மீ.க்கு மேற்பட்டதாயின் பெருங்குடலின் வலப்பகுதியைக் கணுக்களுடன் எடுப்பது வழக்கம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டிகளைப் பற்றி நீண்டகாலம் விவாதம் நடந்தது. அவற்றுக்கும் அப்பேரறுவையைப் பலர் செய்துவந்தனர். 2023இல் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளின் நோயாளிகளை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு, இந்த அளவுள்ள கட்டிகளில் பேரறுவையால் ஆயுள் கூடுவதாகக் காணவில்லை என்று அறிவித்தது. குடல்வால் கட்டி இளைஞர்களிடமும் சிறுவர்களிடமும் காணப்படுவது. ‘புற்று’ என்ற சொல்லுக்கு அஞ்சி, பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் பெருங்குடலில் ஒரு பகுதியை எடுத்துவிடுவதும் பெயரால் விளையும் தீங்கே.

ஆக, ஒரே பெயர் சிறுகுடலில் குறைவான சிகிச்சைக்கும் குடல்வாலில் மிகையான சிகிச்சைக்கும் இடம்கொடுத்தது. இதுவே அப்பெயர்மீது நாம் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு. ‘தீங்கற்றது’ என்றதோ ‘புற்று’ என்றதோ மட்டும் தவறன்று. எந்த உறுப்பில், எவ்வளவு வேகத்தில், எதுவரை என்ற மூன்று கேள்விகளையும் ஒரு சொல்லுக்குள் அடக்கி மூடிவிட்டதே தவறு.

புதிய பெயர்

உலகச் சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் ‘நியூரோ எண்டோகிரைன் கட்டி’ என்ற பெயருக்கு மாறியது. 2010இல் அதற்குப் படிநிலைகளை வகுத்தது. பிரியும் நிலையிலுள்ள செல்களின் உட்கருவில் மட்டும் காணப்படும் கேஐ-67 என்னும் புரதத்துக்குச் சாயமேற்றி, நூறு கட்டிச் செல்களில் எத்தனை சாயம் ஏற்கின்றன என்று எண்ணுகிறார்கள். (கேஐ என்பது அது கண்டறியப்பட்ட செருமானிய நகரமாகிய கீல், 67 என்பது ஆய்வுத் தட்டில் அக்குழியின் எண்.) இன்றைய வழக்கில் 3 விழுக்காட்டுக்குக் குறைந்தால் முதற்படி, 3 முதல் 20 வரை இரண்டாம் படி, 20க்கு மேல் மூன்றாம் படி. செல்களின் உருவமே சிதைந்து வேகமாகப் பெருகுவதைத் தனியே ‘நியூரோ எண்டோகிரைன் கார்சினோமா’ எனப் பிரித்துவிட்டனர். ஓபர்ன்டார்ஃபரின் ஒற்றைச் சொல் இவ்வாறு உறுப்பு, படி, பரவல் என்னும் ஒரு வாக்கியமாக விரிந்தது. இது உண்மையான முன்னேற்றம். பழைய பெயர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நுரையீரல் கட்டிகளுக்கும், செரோட்டோனினால் வரும் அறிகுறித் தொகுப்புக்கும் இன்னும் வழங்குகிறது.

ஆயினும் புதிய பெயரும் குறையற்றதன்று. 2018இல் இந்தி நடிகர் இர்ஃபான் கான் தமக்கு இவ்வகைக் கட்டி என்று அறிவித்தபோது, ‘நியூரோ’ என்பதைக் கண்டு மூளைக் கட்டி என்று கருதியவர் பலர். ‘நியூரோ’ என்பது எப்போதும் மூளையைக் குறிப்பதன்று என்று அவரே விளக்கவேண்டியதாயிற்று. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2011இல் மறைந்தபோது செய்தித்தாள்கள் ‘கணையப் புற்றுநோய்’ என்று எழுதின. அவருக்கு இருந்தது கணையத்தின் ஹார்மோன் செல்களில் தோன்றிய கட்டி, 2003இல் கண்டறியப்பட்டது. வழக்கமான கணையப் புற்றுநோயின் போக்கும் சிகிச்சையும் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதும்போது, ஒரு வகையினர் வீணே நம்பிக்கை இழக்கின்றனர்; மற்றொரு வகையினர் வீணே நம்பிக்கை கொள்கின்றனர்.

தமிழில் என்ன சொல்வது?

தமிழில் அறிவியல் எழுதுவோருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கலைச்சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து மொழிபெயர்ப்பது நம் வழக்கம். ‘கார்சினாய்டு’ என்பதைப் ‘புற்றுப்போலி’ ஆக்கினால் சொல் அழகாக வந்துவிடும். கூடவே 1907ஆம் ஆண்டின் பிழையும் வந்துவிடும். ஆங்கிலம் அறியாத நோயாளிக்கு ‘கார்சினாய்டு’ பொருள் விளங்காத ஒலி மட்டுமே. ‘போலி’ என்பதோ நன்கு விளங்கும் பொய்யாகும். விளங்காத சொல்லைவிட, தவறாக விளங்கும் சொல் அதிகக் கேடு செய்யும். ‘நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி’ என்று புதிய பெயரைப் பெயர்த்தாலும், கேட்பவர் நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து தேடிப் போவார்.

‘ஹார்மோன் செல் கட்டி’ என்று சொல்லிப் பார்க்கலாம். எதிலிருந்து பிறந்தது என்பதை அது சொல்கிறது. தீங்கு உண்டா இல்லையா என்பதில் முன்கூட்டியே தீர்ப்பு வழங்கவில்லை. எல்லாக் கட்டிகளும் ஹார்மோனைக் கொட்டி அறிகுறி காட்டுவதில்லை என்ற குறை இதற்கும் உண்டு. ஆனால் செல்லின் இனம் அதுவே என்பதால் அக்குறை பெரிதன்று. பெயருடன் உறுப்பையும் படியையும் சேர்த்தே எழுதவேண்டும்: ‘சிறுகுடல் ஹார்மோன் செல் கட்டி, முதற்படி, கணுக்களில் பரவியது’, ‘குடல்வால் ஹார்மோன் செல் கட்டி, முதற்படி, 8 மி.மீ., முற்றிலும் நீக்கப்பட்டது’. இவ்விரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர் எவரும் இவற்றுக்கு ஒரே சிகிச்சை என்று எண்ணமாட்டார்.

உங்கள் வீட்டாரில் எவருக்கேனும் இத்தகைய அறிக்கை வந்தால், பெயரைப் பார்த்து அஞ்சவோ அமைதியடையவோ வேண்டாம். கட்டி எந்த உறுப்பில் தோன்றியது, எத்தனை கட்டிகள், அளவு எவ்வளவு, கேஐ-67 எத்தனை விழுக்காடு, கணுக்களும் கல்லீரலும் பார்க்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஓபர்ன்டார்ஃபர் 1929இல் செய்ய முயன்றதும் இதுவே: தாம் இட்ட பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு, கட்டிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.